மக்ஸன் முதல் மலர் வரை

வேற்றுமொழிச் சொல் ஒன்றன் பொருள் அறிய விரும்புவோர் முதலில் நாடுவது அகராதியை. அகராதி ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் தருமாயின், முதலிற் கண்டதை எடுத்துக்கொண்டு ஏனைய ஏழையும் விட்டுவிடுதல் நம்மிடையே நெடுநாள் வழக்கம். கைப்பேசியே அகராதியாகிவிட்ட இந்நாளில் எட்டையும் காணும் வாய்ப்பும் அருகிவிட்டது. அது ஒன்றைக் காட்டுகிறது. நாமும் அவ்வொன்றோடு அமைதி கொள்கிறோம். விடுபட்ட ஏழினுள் நம் முன்னோர் வரலாறும் நமக்குரிய கடமையும் மறைந்துகிடக்கக் கூடும் என்பதற்கு ஒரு சொல்லைச் சான்றாகக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சொல் 'மேகசின்' என்பது. கல்வியாண்டின் இறுதி நெருங்கும்போது, "மேகசினுக்குக் கட்டுரை கொடுத்தாயிற்றா?" என்னும் கேள்வி எழாத கல்லூரி இல்லை. ஆங்கிலம் அறியாதவரும் அறிந்த ஆங்கிலச் சொல் இது. அதன் பொருள் இதழ், மலர், சஞ்சிகை என்பதே என நாம் முடிவு கட்டியிருக்கிறோம். அது முடிவன்று, தொடக்கமே.

பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருள் தரும் இயல்பைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டார். வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல், வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல் என அது இருவகைப்படும். முன்னதன் பொருளை வினையும் இனமும் சார்பும் தெளிவிக்கும். 'மா காய்த்தது' என்றால் மரம். 'மா கனைத்தது' என்றால் குதிரை. பின்னதற்கு இத்தெளிவு இல்லை. 'மா வீழ்ந்தது' என்றால் வீழ்ந்தது மரமா குதிரையா என்பது விளங்காது. இன்ன மா எனச் சொல்லுவான் வெளிப்படக் கிளந்து கூறுதல் வேண்டும்.

இவ்விலக்கணத்தை ஆங்கிலச் சொல்லின்மேல் வைத்துப் பார்ப்போம். 'மேகசின் வெளிவந்தது' என்றால் அது இதழ். 'மேகசின் வெடித்தது' என்றால் அது மருந்துக் கிடங்கு. 'வீரன் மேகசினைக் கழற்றி மாட்டினான்' என்றால், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு. பழைய ஒளிப்படக் கருவியில் படச்சுருளை இட்டு வைத்த பெட்டிக்கும் அதுவே பெயர். தொலைக்காட்சியில் பலவகைச் செய்திகளைத் தொகுத்துத் தரும் நிகழ்ச்சியும் மேகசினே.

1857ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் டெல்லியில் கிளர்ச்சி மூண்டபோது, அங்கிருந்த மேகசின் கிளர்ச்சியாளர் கைக்குப் போகாதவாறு ஆங்கிலேயப் படையினரே அதனைத் தகர்த்தனர். வரலாற்று நூலில் இவ்வரியைப் படிக்கும் மாணவர் கைப்பேசியின் ஒற்றைப் பொருளை நம்பினால், டெல்லியில் ஒரு பத்திரிகை வெடித்துச் சிதறியதாக மொழிபெயர்க்க நேரும். 'வெடித்தது' என்னும் வினையை நோக்கியிருந்தால் இப்பிழை நேராது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் இலக்கணம் இன்றைய மொழிபெயர்ப்பாளனுக்கும் வழிகாட்ட வல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயின், 'மேகசின் நிரம்பிவிட்டது' என்று ஒருவர் கூறினால் யாது பொருள்? கட்டுரைகளால் நிரம்பியதோ, தோட்டாக்களால் நிரம்பியதோ, வெடிமருந்தால் நிரம்பியதோ, வினை கொண்டு அறிய இயலாது. எதனால் நிரம்பியது எனக் கேட்டே அறிதல் வேண்டும். இக்கேள்வியை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிவில் இதனிடமே மீள்வோம்.

சொல் நடந்த வழி

இத்துணைப் பொருளையும் ஒரு நூலிற் கோத்து நிற்பது எது? அஃது அரபுமொழியில் இருக்கிறது. 'கஸன' என்றால் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமித்து வைக்கும் இடம் 'மக்ஸன்'. அதன் பன்மை 'மகாஸின்'. இடைக்காலத்தில் மத்தியதரைக் கடலின் இருகரையிலும் அரபு வணிகரோடு கொடுக்கல் வாங்கல் செய்த ஐரோப்பியர், சரக்கோடு சரக்குக் கிடங்கின் பெயரையும் பெற்றுச் சென்றனர். இத்தாலியர் அதனை 'மகட்ஸீனோ' என்றனர். ஸ்பெயின் நாட்டவர் அரபு மொழியின் 'அல்' என்னும் முன்னொட்டையும் விடாது 'அல்மஸேன்' என்றனர். பிரெஞ்சு மொழியிலும் ருஷ்ய மொழியிலும் இச்சொல் இன்று கடையைக் குறிக்கிறது. ஜெர்மனியில் நூலகத்தின் உட்புறத்தே நூல்களை அடுக்கி வைக்கும் அறைக்கும் 'மகஸீன்' என்றே பெயர். மொராக்கோவில் அரசும் அரண்மனை ஆட்சியும் 'மக்ஸன்' என வழங்கும். கருவூலம் இருக்குமிடமே அரசு எனக் கருதியமையால் எழுந்த வழக்கு அது.

ஆங்கிலத்திற்கு இச்சொல் பதினாறாம் நூற்றாண்டில் பண்டகசாலை என்னும் பொருளோடு வந்து சேர்ந்தது. படைக்கலமும் வெடிமருந்தும் வைக்கும் இடத்திற்கு அது மிகுதியும் வழங்கலாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு துறைக்குரிய செய்திகளை ஒருங்கு திரட்டிய நூல்களுக்கும் இப்பெயர் இட்டனர். 1669இல் சாமுவேல் ஸ்டர்மி என்பார் கடலோடிகளுக்கென எழுதிய நூலுக்குக் 'கடலோடியின் மேகசின்' என்பது பொருள்படப் பெயர் வைத்தார்.

1731ஆம் ஆண்டு சனவரியில் எட்வர்டு கேவ் என்னும் இலண்டன் அச்சகத்தார் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பல தாள்களிற் சிதறிக் கிடந்த செய்திகளையும் கட்டுரைகளையும் கவிதைகளையும் ஒரு கிடங்கிற் சேர்த்துத் தருதல் அவர் நோக்கம். ஆகவே கிடங்கின் பெயரையே இதழுக்குச் சூட்டினார். அவ்விதழில் எழுதிப் பிழைத்தவருள் ஒருவர் சாமுவேல் ஜான்சன். அவர் 1755இல் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, மேகசின் என்பதற்குக் கிடங்கு, படைக்கலச்சாலை என்னும் பொருளை முன்னர் வைத்து, இதழைக் குறிக்கும் பொருள் அண்மையில் கேவின் இதழால் வந்தது எனப் பின்னர்ச் சேர்த்தார். நாம் முதற்பொருளாகக் கருதுவது ஜான்சனுக்குக் கடைசிப் பொருளாக இருந்தது.

இதழுக்குக் கிடங்கின் பெயரிட்டது ஆங்கிலேயரின் தனிச்சிறப்பு என்று எண்ண வேண்டுவதில்லை. பாரசீகக் கவிஞர் நிஜாமி பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தம் காவியம் ஒன்றுக்கு 'மக்ஸனுல் அஸ்ரார்', அஃதாவது இரகசியங்களின் கருவூலம், எனப் பெயரிட்டார். லாகூரில் 1901இல் ஷேக் அப்துல் காதிர் தொடங்கிய உருது இலக்கிய இதழின் பெயர் 'மக்ஸன்' என்பதேயாகும். இக்பாலின் 'ஹிமாலா' என்னும் கவிதை அதன் முதலிதழில் வெளிவந்தது. அரபு நாட்டினின்று புறப்பட்டு ஐரோப்பாவைச் சுற்றிவந்த சொல், இதழ் என்னும் புதுப்பொருளோடு தன் பழைய உருவிற்குத் திரும்பிய நிகழ்ச்சி அது.

கஜானாவும் குடோனும்

இச்சொல்லுக்கும் நமக்கும் உள்ள உறவு இவ்வளவில் நிற்கவில்லை. நம் தாத்தாமார் அரசுக் கருவூலத்தைக் 'கஜானா' என்றும், அதன் பொறுப்பாளரைக் 'கஜாஞ்சி' என்றும் வழங்கினர். இவையும் 'கஸன' என்னும் அதே வேரினின்று பாரசீக வழியாக நம்மிடம் வந்தவை. ஆகவே நம் கஜானாவும் ஆங்கிலேயரின் மேகசினும் உடன்பிறந்த சொற்கள். ஒன்று நிலவழியே தெற்கு நோக்கி வந்தது. மற்றொன்று கடல்வழியே மேற்கைச் சுற்றி வந்தது. இரண்டும் தமிழகத்தில் சந்தித்தும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு மறுதலையாக நாம் கொடுத்த சொல்லும் ஒன்று உண்டு. கிழக்கு நாடுகளில் பண்டகசாலையைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'குடோன்' என்னும் சொல், நம் 'கிடங்கு' முதலாகிய தென்னாட்டுச் சொற்களினின்று போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்றதெனச் சொல்லாய்வாளர் கூறுவர். மலாய் மொழியில் அது 'குடாங்'. நாம் அனுப்பிய கிடங்கு குடோனாகித் திரும்பி வந்து, பிறந்த வீட்டிலேயே அந்நியச் சொல்லாக உலவுகிறது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் வெடிபொருள் வைக்கும் காப்பறையை இன்றும் மேகசின் என்பர். அதனைக் குடோன் என்று சேர்த்துச் சொல்வாரும் உளர். அரபுக் கிடங்கும் தமிழ்க் கிடங்கும் இவ்வாறு ஒரு தொடரிற் கைகோத்து நிற்பதைச் சொல்வோரும் அறியார், கேட்போரும் அறியார்.

சோழமண்டலக் கரையை அரபியர் 'மஅபர்' என அழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். முத்தும் துணியும் குதிரையும் மிளகும் கடந்தபோது சொற்களும் கடந்தன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழ்ந்த நம் முன்னோர் இக்கடத்தலில் பங்குகொண்டவர்கள். ஆங்கிலச் சொல் ஒன்றன் வேரைத் தேடிச் சென்றால் நம் ஊர்க் கடற்கரைக்கே வந்து சேர்வது இதனாலேயே.

தமிழர் இதழுக்கு இட்ட பெயர்களும் எண்ணத்தக்கவை. 'ஏடு' பனையோலை, 'இதழ்' பூவின் உறுப்பு, 'மலர்' பூவே. வாடும் பொருள்களின் பெயர்கள் இவை. ஆயினும் வாடாது காக்கும் எண்ணமும் தமிழுக்கு அயலானதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பெருந்தொகுப்பு வெளியிட்டபோது, நெல் சேமிக்கும் களஞ்சியத்தின் பெயரை எடுத்துக் 'கலைக்களஞ்சியம்' என்றனர். எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்களும் தம் பெருநூலுக்கு 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' என்றே பெயர் சூட்டினார். அறிவை நெல்லாகக் கண்ட பார்வை அது.

நெல்லா, வெடிமருந்தா?

கிடங்கு என்பது வெற்றிடம். அதில் நெல்லை வைத்தால் பஞ்ச காலத்தில் ஊரைக் காக்கும். வெடிமருந்தை வைத்தால் ஒரு பொறியில் ஊரை அழிக்கும். தமிழில் 'மருந்து' என்னும் சொல்லே நோய் தீர்ப்பதையும் வெடிப்பதையும் குறித்து நிற்றல் காண்க. அச்சுத்தாளும் அவ்வாறே. ஓர் இதழ் களஞ்சியமாகவும் கூடும், மருந்தறையாகவும் கூடும். பிறர் மேல் ஐயத்தையும் வெறுப்பையும் விதைக்கும் செய்தியை ஆராயாது ஏந்திச் செல்லும் தாளும், அதனை நொடியில் நூறு பேருக்கு அனுப்பும் கைப்பேசியும் பின்னைய வகையைச் சார்ந்தவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அத்தகைய பொறியால் நேரும் இழப்பை எல்லாச் சமூகத்தாரும் அறிவர். நம் சமூகம் நன்கறியும்.

திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயமாகிய சூரத்து யூசுஃபில் 55ஆம் வசனத்தில் இதே வேரினின்று பிறந்த 'கஸாயின்' என்னும் சொல் வருகிறது. ஏழாண்டுப் பஞ்சம் வரவிருப்பதை உணர்த்திய நபி யூசுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு மன்னரிடம் கேட்டார்கள். அப்போது தம் குலத்தையோ அழகையோ தகுதியாகக் கூறவில்லை. காக்கும் தன்மை, அறிவு என்னும் இரண்டையே எடுத்துரைத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் காவலருக்கு வேண்டும் தகுதி இவ்விரண்டும். அறிவின்றிக் காப்பவர் பதரையும் சேர்த்துக் காப்பார். காக்கும் எண்ணமில்லாத அறிஞர் நெல்லை எலிக்கு விட்டுவிடுவார். ஓர் இதழின் ஆசிரியருக்கும் இவ்விரண்டையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

நம் மலர்களின் நிலை

இனி, நம் கல்லூரிகளில் வெளிவரும் மலர்களை இக்கண்கொண்டு நோக்குவோம். முன்பக்கங்களில் வாழ்த்துரைகள், அவற்றை அடுத்து நிழற்படங்கள், பின்னர் ஆண்டறிக்கை. எஞ்சிய பக்கங்களில் வேறு நூல்களிலும் இப்போது இணையத்திலும் எடுத்துச் சுருக்கிய கட்டுரைகள் பல. மேகசின் நிரம்பிவிடுகிறது. எதனால் நிரம்பியது என்னும் கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் அம்மலரைப் புரட்டினால், வேறெங்கும் கிடைக்காத ஒரு செய்தியேனும் அதில் அவருக்குக் கிடைக்குமா?

வாழ்த்துரை வேண்டா என்பது நம் கருத்தன்று. பெரியோர் ஆசியும் புரவலர் நல்லெண்ணமும் இன்றி நிறுவனங்கள் நிலைபெறா. மாணவர் முதன்முதல் எழுதும் கவிதைக்கு மலரில் இடம் வேண்டும் என்பதையும் ஒப்புகிறோம். அவ்விடம் கிடைத்தமையால் எழுத்தாளரானவர் பலர். கதவும் சுண்ணாம்பும் கிடங்கிற்குத் தேவை. ஆயினும் உள்ளே ஒரு மூட்டையேனும் நெல் இருத்தல் வேண்டுமன்றோ?

நம் முன்னோர் வறுமையிடையேயும் நெல் சேர்த்தனர். 1882இல் கொழும்பில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்தினார். 1883இல் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி'யை வெளியிட்டார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேச'னைத் தொடங்கினார். பின்னர்ப் பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழால் தமிழ் உரைநடைக்கு ஒரு மிடுக்கு ஏற்றினார். கடல்கடந்த தமிழரின் வாழ்வையும் வணிகத்தையும் மொழியையும் அறிய அவ்விதழ்கள் இன்று மூலச்சான்றுகள். அவற்றை வீட்டுப் பரணில் வைத்திருந்தோர் பழந்தாள் வணிகருக்கு எடையிட்டுக் கொடுத்திருப்பின், அவ்வரலாற்றின் ஒரு பகுதியை அன்றே எடையிட்டு விற்றுவிட்டனர் எனல் வேண்டும்.

ஒருவர் சேமித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்த பின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழாய்வாளர் பலருக்கு அது கருவூலம். ஒரு மனிதரால் இயன்றது, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர் வந்து சேரும் ஒரு தமிழ்த்துறைக்கு இயலாதா?

செய்யத்தக்கன

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது மலரில் எதைச் சேர்ப்பது என மாணவர் கேட்கலாம். யாரேனும் ஏற்றியதே இணையத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டில் உங்கள் நன்னிமா பேசும் சொல்லை எவர் ஏற்றியிருக்கிறார்?

காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்கிறோம். குழம்பை 'ஆணம்' என்கிறோம். பழந்தமிழ்ச் சொல்லாகிய அதனைப் பிறர் மறந்த பின்னும் நம் அடுக்களைகள் காத்து வந்தன. பலர் சேர்ந்துண்ணும் பெருந்தட்டைச் 'சஹன்' என்கிறோம். இவற்றுள் எத்தனை சொற்கள் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்? விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊருக்கும் தம் குடும்பத் தொழிலுக்கும் உரிய சொற்களில் பத்தினைப் பொருளோடும் வழங்கும் இடத்தோடும் எழுதிவரட்டும். தோணி கட்டுவோர், தோல் பதனிடுவோர், பாய் முடைவோர், கைத்தறி நெய்வோர் ஆகியோர் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். நூறு மாணவர் பத்துச் சொல் வீதம் தந்தால் ஆண்டுக்கு ஆயிரம் சொற்கள். கைப்பேசியைக் குறைகூறிய நாமே ஒன்று சொல்வோம்: தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடும் மூதாட்டியின் குரலை இசைவு பெற்றுப் பதிந்துவர அதனினும் ஏற்ற கருவி வேறில்லை.

வீட்டுப் பேழைகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் மற்றொரு செல்வம். அரபெழுத்தில் தமிழை எழுதிய அவற்றைப் படிக்க வல்ல மூத்தோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அப்படிகளை எவரும் பறித்துக்கொள்ள வேண்டுவதில்லை. உடையவர் வீட்டிலேயே படமெடுத்து, படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரின் துணையோடு நான்கு பக்கத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்து மலரில் அச்சிடலாம். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் போன்றோர் உழைப்பு, அதற்கு முன்னர் எவரோ ஒருவர் ஏட்டைக் காத்து வைத்தமையாலன்றோ கைகூடியது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலரில் நான்கில் ஒரு பங்கு பக்கங்களையேனும் இவ்வாறு புதிதாகத் திரட்டியவற்றுக்கு ஒதுக்குங்கள். திரட்டிய மாணவர் பெயரையும், சொல்லிய முதியவர் இசைந்தால் அவர் ஊரையும் குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டு மலரிலும் இரு படிகளைக் கல்லூரி நூலகத்தில் இரவல் கொடாப் பகுதியில் வையுங்கள்; மின்படி ஒன்றும் எடுத்து வையுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் பரணிலுள்ள தாள்களை எடைக்குப் போடுமுன் தமிழ்த்துறைக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். நன்கொடையாகப் பணம் தருவோரைப் போற்றும் நாம், ஒரு பழைய இதழைத் தருவோரையும் அதே வரிசையில் வைத்துப் போற்றுவோம்.

ஒரு சொல்லின் பல பொருளை அறிதல் தேர்வுக்குரிய பயிற்சி மட்டுமாக நின்றுவிடலாகாது. மக்ஸன் என்னும் சொல் அரபியர் கிடங்கிற் பிறந்து, கப்பலேறி, படைவீடு புகுந்து, அச்சகத்தில் அமர்ந்து, இன்று மலராக நம் கையில் இருக்கிறது. வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல்லை இன்னதெனக் கிளந்து கூறும் கடமை சொல்லுவானுக்கு உரியது. நம் மேகசின் நிரம்பிவிட்டது என நாம் அறிவிக்கும் ஒவ்வோர் ஆண்டும், எதனால் நிரம்பியது என்பதையும் கூசாது கூறத்தக்க நிலையில் இருப்போமாக. காக்கும் தன்மையையும் அறிவையும் வல்ல இறைவன் நம் மாணவர்க்கு ஒருசேர அருள்வானாக.